தொலைந்த நினைவகமும் விடாமல் பிடித்த நினைவகமும்

உபுண்டு 18.04 வெளியானது 2018 ஏப்ரலில். தன் யூனிட்டி டெஸ்க்டாப்பைக் கைவிட்டு க்னோமுக்குத் திரும்பிய பிறகு வந்த முதல் நீண்டகால ஆதரவுப் பதிப்பு அது. அந்த நேரத்தில் க்னோம் ஷெல்லைப் பற்றி அடிக்கடி கேட்ட புகார் ஒன்று உண்டு: ரேமைத் தின்றுகொண்டே போகிறது, திருப்பித் தருவதில்லை. மேலோட்டக் காட்சியைத் திறந்து மூடினால் கொஞ்சம் ஏறும். மெனுவை விரித்து மடக்கினால் இன்னும் கொஞ்சம் ஏறும். ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடினாலும் ஏறியது இறங்காது. பிரேசிலைச் சேர்ந்த க்னோம் நிரலாளர் ஜார்ஜஸ் ஸ்டவ்ராகாஸ் அந்த மாதம் இதன் காரணத்தை விளக்கி எழுதினார். அந்தச் சிக்கலின் மையத்தில் இருந்த நினைவகம் எதுவும் தொலைந்துபோனதல்ல. ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். அவர் அதை விடுவதற்கான வேளைதான் வரவில்லை.

இந்த நிகழ்விலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஒரு ப்ராசஸ் வீங்கினால் நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? டாப் கமாண்டில் எண்ணைப் பார்க்கிறோம். தாங்காமல் போனால் ரீஸ்டார்ட் செய்கிறோம். விவரம் தெரிந்தவர் என்றால் வால்கிரிண்டை எடுத்து ஓட்டுகிறார். மூன்றுக்கும் பயன் உண்டு, மூன்றையும் மதிக்கிறேன். ஆனால் மூன்றுமே தொலைந்ததைத் தேடும் மனநிலையில்தான் செய்யப்படுகின்றன. டெஸ்க்டாப் ப்ராசஸ்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் தவறான இடத்தில் தேடுவதுதான். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதை யார் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஏன் விடவில்லை?

முதலில் எண்ணைப் பார்ப்போம். டாப்பில் தெரியும் ஆர்எஸ்எஸ் என்பது அந்த ப்ராசஸுக்காக இப்போது ரேமில் இருக்கும் பக்கங்களின் கூட்டு. பல ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகப் பக்கங்களும் அதில் முழுதாகச் சேர்ந்துவிடும். பத்து நிரல்கள் ஒரே ஜிடிகே நூலகத்தைப் பயன்படுத்தினால் அந்தப் பக்கங்கள் பத்து முறை எண்ணப்படும். பகிர்ந்ததைப் பங்கு போட்டுக் கணக்கிடும் பிஎஸ்எஸ் என்ற அளவு 2008 முதலே கர்னலில் இருக்கிறது. 4.14 கர்னலில் இருந்து, ப்ராக் அடைவில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உள்ள ஸ்மாப்ஸ்-ரோலப் என்ற கோப்பைத் திறந்தால் மொத்தக் கணக்கும் ஒரே பார்வையில் கிடைக்கும். இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் அளவை விட்டுவிட்டு இன்னும் ஆர்எஸ்எஸ்ஸைப் பிடித்துக்கொண்டு வாதிடுவது வருத்தம் தருகிறது.

இதைவிட ஆபத்தான ஏமாற்றம் ஸ்வாப்பில் இருக்கிறது. கசிந்த நினைவகத்தின் குணம் என்ன? அதை யாரும் திரும்பத் தொடுவதில்லை. ரேம் நெருக்கடி வந்தால் கர்னல் முதலில் வெளியே தள்ளுவது யாரும் தொடாத பக்கங்களைத்தான். ஆகவே கசிவு தொடர்ந்துகொண்டே இருக்கும்போதும் ஆர்எஸ்எஸ் ஒரு மட்டத்தில் நின்றுவிடலாம், ஏன், இறங்கவும் செய்யலாம். பார்ப்பவர் கசிவு நின்றது என்று நிம்மதியாகப் போய்விடுவார். ஃபெடோரா 33 முதல் இசட்ரேம் என்ற, ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப் இயல்பாகவே வருகிறது. அங்கே இந்தத் தோற்றப்பிழை இன்னும் எளிதில் நிகழும். ஸ்மாப்ஸ்-ரோலப்பில் பிஎஸ்எஸ் வரியோடு ஸ்வாப் வரியையும் கூட்டிப் பார்க்காத எந்த அளவீட்டையும் நான் நம்பமாட்டேன்.

எண் ஏறுவது எல்லாம் கசிவும் அல்ல. அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் நினைவக ஒதுக்கி மாலோக், நிரல் விடுவித்த நினைவகத்தை உடனே கர்னலிடம் திருப்பித் தருவதில்லை. ஹீப்பின் உச்சியில் ஒரு சிறு துண்டு உயிரோடு இருந்தால் போதும், அதற்குக் கீழே எத்தனை எம்பி காலியாக இருந்தாலும் ஹீப் சுருங்காது. 64 பிட் கணினியில் கோர் எண்ணிக்கையின் எட்டு மடங்கு வரை தனித்தனி அரீனாக்கள் உருவாகலாம். ஒவ்வொன்றிலும் இப்படிக் காலியிடம் சிதறிக் கிடக்கும். இதைப் பிரித்தறிய ஒரு நேரடி வழி உண்டு. பிழைதிருத்தும் கருவியான ஜிடிபியை அந்த ப்ராசஸோடு இணைத்து, மாலோக்-ட்ரிம் என்ற ஃபங்ஷனை அழைக்க வேண்டும். ஜிலிப்சி 2.8 முதல் அது எல்லா அரீனாக்களிலும் முழுதாகக் காலியான பக்கங்களைக் கர்னலிடம் ஒப்படைக்கும். எண் தடாலென்று விழுந்தால், வீக்கத்தில் பெரும்பகுதி சிதறல்தான் என்று தெரிந்துவிடும். விழாவிட்டால் உண்மையாகவே யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். இதைச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: க்னோம் ஷெல்லை அதன் திரையில் ஓடும் டெர்மினலில் இருந்தே ஜிடிபியால் பிடிக்காதீர்கள். திரையை வரைபவரையே நிறுத்திவிட்டால் உங்கள் டெர்மினல் எப்படித் தெரியும்? வேறு கணினியில் இருந்து எஸ்எஸ்எச் வழியாக வந்தோ, கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி வேறொரு கன்சோலுக்குப் போயோ செய்யுங்கள்.

அளவிடும் வழக்கத்தின் இன்னொரு குறை, எண் யார் பெயரில் ஏறுகிறதோ அவரையே குற்றவாளி ஆக்குவது. எக்ஸ்11 காலத்தில் இது அன்றாட அநீதி. ஒரு நிரல் பிக்ஸ்மேப்களை உருவாக்கிவிட்டு விடுவிக்காமல் போனால், அந்த நினைவகம் எக்ஸ் சர்வரின் கணக்கில் ஏறும். பயனர் எக்ஸ்ஓஆர்ஜியைத் திட்டுவார்; உண்மையில் தவறு செய்த நிரல் டாப்பில் ஒல்லியாக நல்ல பிள்ளையைப் போல நிற்கும். எக்ஸ்ரெஸ்டாப் என்ற சிறு கருவி, எந்த நிரலின் பெயரில் எவ்வளவு பிக்ஸ்மேப் இருக்கிறது என்று பிரித்துக் காட்டும். சொந்தக்காரரைக் கேட்கும் கருவிகளில் அது முன்னோடி. அதற்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது ரீஸ்டார்ட். இதை இழிவாகப் பேசும் நிரலாளர்களோடு நான் உடன்படவில்லை. 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் நாளைக்குள் ஓர் அறிக்கையை முடித்துத் தர வேண்டியவரிடம், ஹீப் டம்ப் எடுத்து அனுப்புங்கள் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? ப்ராசஸ் இறந்தால் அதன் நினைவகம் அத்தனையும் கர்னலிடம் திரும்பும். இதில் எந்தச் சந்தேகமும் இல்லை. வேறெந்த மருந்துக்கும் இவ்வளவு உறுதியான பலன் கிடையாது. கேடிஈ பிளாஸ்மாவில் பேனலையும் பின்னணிப் படத்தையும் கவனிக்கும் பிளாஸ்மாஷெல் தனி ப்ராசஸ். ஜன்னல்களை ஆளும் கேவின் தனி ப்ராசஸ். பேனல் வீங்கினால் அதை மட்டும் மறுபடி தொடங்கலாம். திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது. ரீஸ்டார்ட்டை மனதில் வைத்தே பிரிக்கப்பட்டதோ இல்லையோ, அந்தப் பிரிவினை பயனருக்கு நன்மையாக அமைந்துவிட்டது.

க்னோமில் நிலைமை வேறு. எக்ஸ்11 இருந்தவரை ஆல்ட்-எஃப்2 அழுத்தி, ஆர் என்ற எழுத்தைத் தட்டி என்டர் கொடுத்தால் ஷெல் மறுபிறவி எடுக்கும். ஜன்னல்கள் அப்படியே இருக்கும். ஆண்டுக்கணக்கில் கசிவுக்கு இதுவே பாட்டி வைத்தியம். எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலேண்டில் ஷெல்தான் திரைச் சேவையகமும். அது போனால் அதோடு இணைந்த நிரல்களும் போகும். ஆகவே அந்த எழுத்து அங்கே வேலை செய்யாது. ஃபெடோரா 2016இலும் உபுண்டு 2021இலும் வேலேண்டை இயல்பாக்கிவிட்டன. கசிவை ரீஸ்டார்ட்டால் சமாளித்து வந்த பழக்கத்துக்கு அதோடு கதவு சாத்தப்பட்டது. இனி லாக்-அவுட் செய்வது ஒன்றே வழி என்றால், கசிவின் விலை பயனரின் திறந்திருக்கும் வேலை முழுவதும்.

ரீஸ்டார்ட்டைக் கணினியே நம் சார்பில் செய்யும் ஏற்பாடுகளும் வந்துவிட்டன. ஃபெடோரா 32இல் எர்லிஓஓஎம், 34இல் சிஸ்டம்டி-ஓஓஎம்டி, உபுண்டு 22.04இலும் அதே ஓஓஎம்டி. நினைவக நெருக்கடி அளவு கடந்தால் இவை ஒரு ப்ராசஸையோ ஒரு குழுவையோ கொன்றுவிடும். கணினி முழுவதும் உறைந்து, மவுஸ்கூட நகராமல் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் கொல்லப்படுபவர் பெரியவராக இருப்பாரே தவிர, கசிய விட்டவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. உபுண்டு 22.04 வந்த புதிதில் பிரௌசர் திடீரென்று மறைந்துபோவதாக எழுந்த புகார்கள் இதனால்தான். நாற்பது டேப்களை நியாயமாகத் திறந்து வைத்திருக்கும் பிரௌசர் சாகிறது. மூன்று நாளாக மெல்ல மெல்ல வீங்கிய சிறு நிரல் தப்பிக்கிறது.

ரீஸ்டார்ட்டின் மேல் நான் வைக்கும் உண்மையான குற்றச்சாட்டு இவை எதுவும் அல்ல. அது தடயத்தை அழிக்கிறது. மெல்லக் கசியும் ப்ராசஸ் ஒன்று முழுதாக வீங்கி நிற்கும் நேரம், பிழை திருத்துபவருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த நேரம். யார் எதைப் பிடித்திருக்கிறார் என்பது அத்தனையும் அப்போது ரேமில் எழுதிக் கிடக்கிறது. ஒரு நிமிடம் பொறுத்து அதன் ஸ்மாப்ஸ்-ரோலப் கோப்பைச் சேமித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்திருக்கலாம். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பிறகு க்னோம் மோசம், லினக்ஸ் மோசம் என்று பொதுவாக எழுதும் புகார் யாருக்கும் உதவுவதில்லை.

இப்போது வால்கிரிண்ட். ஜூலியன் செவர்ட் தொடங்கிய இந்தக் கருவி 2002இல் வெளியானது. சியிலும் சி++இலும் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள்கள் இன்று இவ்வளவு உறுதியாக நிற்பதில் அதன் பங்கு மிகப் பெரியது. நிரல் முடியும்போது, விடுவிக்கப்படாத ஒவ்வொரு துண்டையும் எடுத்து, அதை அடைய நிரலில் எங்காவது ஒரு சுட்டி இருக்கிறதா என்று தேடும். சுட்டியே இல்லை என்றால் நிச்சயம் தொலைந்தது. சுட்டி இருந்தால் இன்னும் எட்டும் தொலைவில் இருப்பது. அந்தத் துண்டு எந்த வரியில் ஒதுக்கப்பட்டது என்பதையும் முழுப் பாதையோடு சொல்லும். ஒரு சி நூலகத்தை எழுதுபவர் தம் சோதனைகளை வால்கிரிண்டில் ஓட்டாமல் வெளியிடுவதை நான் ஏற்கமாட்டேன். இந்த வேலையில் அதன் தீர்ப்பு ஏறத்தாழ இறுதியானது.

அதே கருவியை ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப்பின் மேல் வைக்கும்போது அது திணறுகிறது. அதன் நினைவகச் சோதனைக் கருவியான மெம்செக்கை ஓட்டினால் நிரல் 10 முதல் 50 மடங்கு மெதுவாகும் என்று அதன் கையேடே சொல்கிறது. ஜன்னல்களை வரையும் ப்ராசஸ் இருபது மடங்கு மெதுவானால், நாள் முழுவதும் பயன்படுத்தினால் மட்டும் தெரியும் கசிவை யார் உட்கார்ந்து வரவழைப்பது? அட்ரஸ் சானிடைசரும் அதனுடன் வரும் லீக் சானிடைசரும் இந்த வேகச் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிட்டன; நிரலை அவற்றோடு சேர்த்து மறுபடி கம்பைல் செய்ய வேண்டும் என்பது மட்டுமே விலை. ஆகவே வேகத்தைப் பெரிய குறையாக நான் எண்ணவில்லை.

பெரிய குறை வகைப்பாட்டிலேயே இருக்கிறது. வீட்டைக் காலி செய்து போனவர் சாவியைத் தொலைத்துவிட்டால், அந்த வீடு யாருக்கும் பயன்படாமல் பூட்டிக் கிடக்கும். வால்கிரிண்ட் இப்படிப்பட்ட வீடுகளைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும். ஆனால் ஆள் போய்விட்டார், சாவி மட்டும் அவர் பையில் பத்திரமாக இருக்கிறது என்றால், கணக்கில் அது குடியிருக்கும் வீடுதான். இன்னும் எட்டும் தொலைவில் இருப்பது என்ற பட்டியலில் அது போய்ச் சேரும். இயல்பு அமைப்பில் வால்கிரிண்ட் அந்தப் பட்டியலை விவரித்துக்கூடக் காட்டாது. மொத்த எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போகும். லீக் சானிடைசருக்கோ அது கசிவே அல்ல.

டெஸ்க்டாப் நிரல்கள் கசிவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான். அவற்றின் இயல்பு அப்படி. ஒரு வரைகலை நிரல் என்பது சிக்னல்களும் அவற்றுக்குப் பதிலளிக்கும் ஃபங்ஷன்களும் பின்னிய வலை. சிக்னலைக் கேட்கும் ஃபங்ஷன் ஒன்று பதிவான உடனே, அதற்குத் தேவையான ஆப்ஜெக்ட்களை எல்லாம் அது பிடித்துக்கொள்கிறது. ஜன்னல் மூடினாலும் பதிவு நீங்காவிட்டால் பிடி விடாது. எந்தச் சுட்டியும் தொலைவதில்லை, எந்த வரியும் தவறாகத் தெரிவதில்லை.

மிலியன் வோல்ஃப் எழுதிய ஹீப்ட்ராக் இந்த இடத்தில் ஒரு படி முன்னே போகிறது. அது தொலைந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. ஒவ்வோர் ஒதுக்கீடும் எந்தப் பாதையில் வந்தது, விடுவிக்கப்பட்டதா என்று குறித்துவைத்து, காலப்போக்கில் எந்தப் பாதையின் கணக்கு ஏறுகிறது என்று வரைந்து காட்டுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸோடும் இணைக்கலாம். கேடிஈ நிரல்களுக்கும் க்யூடி நிரல்களுக்கும் இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. ஆனால் க்னோம் ஷெல்லில் அதுவும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஒதுக்கீட்டுப் பாதையில், ஷெல்லின் ஜாவாஸ்கிரிப்ட் எந்திரமான ஸ்பைடர்மங்கியின் சி++ ஃபங்ஷன்கள் அடுக்கடுக்காக வரும். அவற்றைக் கூப்பிட்ட ஜாவாஸ்கிரிப்ட் வரி தெரியாது. இத்தகைய கருவிகள் ஒதுக்கியவரைத்தான் காட்டுகின்றன, பிடித்திருப்பவரை அல்ல என்ற அடிப்படைக் குறையும் அப்படியே இருக்கிறது.

2018இல் கண்டுபிடிக்கப்பட்ட சிக்கலைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும். க்னோம் ஷெல்லின் அடித்தளம் சி. மேலே இருப்பது ஜாவாஸ்கிரிப்ட். சி பக்கத்தில் ஒவ்வோர் ஆப்ஜெக்ட்டும் தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி வைத்திருக்கும். எண் பூஜ்யமானால் உடனே இறக்கும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் எண்ணிக்கை கிடையாது. குப்பை சேகரிப்பான் எப்போதாவது ஒரு முறை வந்து, யாரும் அடைய முடியாதவற்றைக் கூட்டித் தள்ளும். திரையில் தெரியும் ஒரு மெனுவுக்கு சி பக்கத்தில் ஓர் உடலும் ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் ஓர் உறையும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று சரியாகப் பிடித்துக்கொள்ள டாகிள் ரெஃபரன்ஸ் என்ற ஏற்பாடு 2005 முதல் க்னோமின் அடிப்படை நூலகமான ஜிலிப்பில் இருக்கிறது. உடலைச் சி பக்கத்தில் வேறு யாராவது பிடித்திருந்தால் உறையும் சாகாது. யாரும் பிடிக்கவில்லை என்றால் உறையைக் குப்பை சேகரிப்பான் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு பெட்டி, அதற்குள் மெனு, அதற்குள் ஒரு வரி, அந்த வரிக்குள் ஓர் ஐகான் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி இனித் தேவையில்லை. குப்பை சேகரிப்பான் வருகிறது. பெட்டியை எடுத்துவிடுகிறது. மெனுவை எடுப்பதில்லை, ஏனென்றால் அது வந்து பார்த்த கணத்தில் பெட்டியின் சி உடல் மெனுவைப் பிடித்துக்கொண்டிருந்தது. பெட்டி இறந்த பிறகுதான் மெனு விடுபடுகிறது. அதற்குள் சேகரிப்பான் தன் சுற்றை முடித்துப் போய்விட்டது. அடுத்த சுற்றில் மெனு. அதற்கடுத்த சுற்றில் வரி. பிறகே ஐகான். எத்தனை அடுக்கோ அத்தனை சுற்று. ஷெல்லின் திரைக் கட்டமைப்பில் அடுக்குகளுக்குப் பஞ்சமே இல்லை.

சேகரிப்பான் அடிக்கடி வந்தால் இதுவும் பரவாயில்லை. ஆனால் அது எப்போது வருவது என்று முடிவுசெய்வது பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஹீப்பின் அளவைப் பார்த்து. உறை மிகச் சிறியது. படமும் டெக்ஸ்சரும் உள்ள உடல்தான் பெரியது, அது சி பக்கத்தில் இருக்கிறது. சேகரிப்பானின் பார்வையில் வீட்டில் குப்பையே இல்லை. ஆகவே அது அவசரப்படுவதில்லை. லுக்கிங் கிளாஸ் என்ற ஷெல்லின் உள்கருவியில் குப்பைத்தொட்டி ஐகான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் சேகரிப்பான் உடனே ஓடும். ஒரே முறை அழுத்தினால் கொஞ்சம்தான் இறங்கும். திரும்பத் திரும்ப அழுத்தினால் ஒவ்வொரு முறையும் இன்னும் இறங்கும். மேலே சொன்ன அடுக்குக் கதைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

கண்டுபிடித்த தீர்வு நேரடியானது: உடலை வேறு யாரும் பிடிக்காத நிலைக்கு ஓர் ஆப்ஜெக்ட் வந்தவுடன், சேகரிப்பானை ஒரு முறை ஓட்ட வரிசையில் போடு. அந்தச் சுற்று அடுத்த அடுக்கை விடுவிக்கும். அது மறுபடி ஒரு சுற்றைக் கேட்கும். இப்படியே அடி வரை போகும். விலையும் உண்டு. சேகரிப்பான் ஓடும் நேரத்தில் ஷெல் வேறெதையும் செய்வதில்லை. அடிக்கடி ஓடினால் அசைவூட்டங்கள் தடுமாறும். நினைவகத்தை மீட்கப் போய் சிபியூவைச் செலவழிக்கும் இந்தத் தராசைச் சமன்செய்யும் வேலை க்னோமின் ஜாவாஸ்கிரிப்ட் இணைப்பான ஜிஜேஎஸ்ஸின் பராமரிப்பாளர் ஃபிலிப் சிமென்டோ உள்ளிட்டோர் கையில் அதன் பிறகும் தொடர்ந்தது. தீர்வு முழுமையானதல்ல என்பதை மறைக்காமல் எல்லோர் முன்னும் வைத்து விவாதித்தார்கள் என்பதற்காகவே அந்தக் குழுவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

எக்ஸ்டென்ஷன்களின் கதையும் இதே குடும்பம்தான். க்னோம் எக்ஸ்டென்ஷன்கள் தனி ப்ராசஸாக ஓடுவதில்லை. ஷெல்லின் உள்ளேயே ஓடுகின்றன. எந்த எக்ஸ்டென்ஷன் கசிந்தாலும் டாப்பில் தெரிவது க்னோம் ஷெல்லின் பெயரே. எனேபிள் ஃபங்ஷனில் செய்த அத்தனையையும் டிஸேபிள் ஃபங்ஷனில் திருப்பிச் செய்ய வேண்டும் என்பது விதி: இணைத்த சிக்னலைத் துண்டிக்க வேண்டும், வைத்த டைமரை நீக்க வேண்டும், உருவாக்கிய பட்டனை அழிக்க வேண்டும். பலர் இதை அலட்சியம் செய்வதற்குக் காரணம், எக்ஸ்டென்ஷனை யார் அடிக்கடி நிறுத்தி ஓட்டுகிறார்கள் என்ற எண்ணம். அங்கேதான் தவறுகிறார்கள். பூட்டுத்திரையில் இயங்க வேண்டும் என்று தனியாக அறிவிக்காத எக்ஸ்டென்ஷன்கள் திரை பூட்டும்போதெல்லாம் டிஸேபிள் ஆகின்றன. திறக்கும்போது மறுபடி எனேபிள் ஆகின்றன. தேநீர் குடிக்கப் போய் வரும் ஒவ்வொரு முறையும் துண்டிக்காத சிக்னல் ஒன்று கூடும். இரவெல்லாம் ஓடிய கணினியில் எதுவும் ஏறவில்லை, அலுவலக நாளில் மட்டும் ஏறுகிறது என்ற குழப்பத்துக்கு இது காரணமாக இருக்கலாம். பாதி எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திப் பார்த்துக் குற்றவாளியை ஒதுக்கும் வழக்கம் நல்லதுதான். அதோடு திரையைத் தொடர்ந்து பூட்டித் திறந்து ஒவ்வொரு முறையும் பிஎஸ்எஸ்ஸைக் குறித்தால், நாள்கணக்கில் ஆகும் சோதனை சில நிமிடங்களில் முடியும்.

பிடித்திருப்பவரைக் கேட்பது எப்படி என்பதை லினக்ஸ் உலகுக்கு அழகாகக் காட்டியது ஃபயர்ஃபாக்ஸ். 2011இல் மோசில்லாவில் மெம்ஷ்ரிங்க் என்ற முயற்சியை நடத்தியவர் நிக்கலஸ் நெதர்கோட். வால்கிரிண்டை வளர்த்தவர்களில் முக்கியமானவர். ஹீப்பின் வளர்ச்சியை அளக்கும் மாசிஃப் அவர் எழுதியது. வெளியிலிருந்து அளக்கும் கலையில் அவருக்கு நிகரானவர்கள் மிகச் சிலரே. அப்படிப்பட்டவர் ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்ததும் செய்தது, நிரலின் ஒவ்வொரு பகுதியும் தன்னிடம் இருக்கும் நினைவகத்துக்குத் தானே கணக்குச் சொல்லும் ஏற்பாட்டை விரித்தது. முகவரிப் பட்டியில் அபௌட்:மெமரி என்று தட்டினால் இன்றும் அந்தக் கணக்கு மரம்போல விரியும்: இந்தப் பக்கத்துக்கு இவ்வளவு, அதன் படங்களுக்கு இவ்வளவு, யாரும் உரிமை கோராதது இவ்வளவு என்று. உரிமை கோராத பங்கைக் குறைப்பதையே அவர்கள் தனி வேலையாக எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பலன் ஃபயர்ஃபாக்ஸ் 15இல், 2012 ஆகஸ்டில் தெரிந்தது. மூடிய டேப்பின் பக்கத்தை ஏதோ ஓர் ஆட்-ஆன் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் முழுவதும் உயிரோடு கிடக்கும். ஆயிரக்கணக்கான ஆட்-ஆன்களைத் தனித்தனியே திருத்துவது நடக்காத காரியம். ஆகவே டேப் மூடியவுடன் அந்தப் பிடியைப் பிரௌசரே வெட்டிவிடும்படி செய்தார்கள். மூடிய பக்கத்தை அதன் பிறகு தொட முயன்ற ஆட்-ஆன்களுக்கு, இறந்துபோன ஆப்ஜெக்ட்டை அணுக முடியாது என்ற பிழை கிடைத்தது. சில ஆட்-ஆன்கள் உடைந்தன. அது சரியான விலை என்பதே என் தீர்ப்பு: மறைவாகக் கசிவதைவிட வெளிப்படையாக உடைவது மேல், உடைந்ததை அதன் ஆசிரியர் திருத்திவிடுவார்.

க்னோம் ஷெல்லில் இப்படி வெட்ட முடியாது. எக்ஸ்டென்ஷனும் ஷெல்லும் ஒரே ஜாவாஸ்கிரிப்ட் சூழலில் கலந்து ஓடுகின்றன, வெட்டுவதற்கு இடையில் எல்லைக்கோடு இல்லை. இருப்பது ஹீப் டம்ப். ஜிஜேஎஸ்ஸுக்குரிய சூழல் மாறி ஒன்றை முன்பே அமைத்துவிட்டு, ஷெல்லுக்கு யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினால் ஜாவாஸ்கிரிப்ட் ஹீப் முழுவதும் ஒரு கோப்பில் இறங்கும். ஹீப்கிராஃப் என்ற ஸ்கிரிப்ட், வேரிலிருந்து ஓர் ஆப்ஜெக்ட் வரை யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்ற சங்கிலியை அதிலிருந்து எடுத்துக் காட்டும். சரியான கேள்விக்கான சரியான கருவி இது. ஆனால் சி பக்கத்துப் பிடிகள் அதில் தெரியாது. வாசித்துப் புரிந்துகொள்ள ஷெல்லின் உள்கட்டமைப்பு தெரிந்திருக்க வேண்டும். சாதாரணப் பயனருக்கு அது எட்டாத உயரம். ஃபயர்ஃபாக்ஸைப் போல, தன் நினைவகக் கணக்கைத் தானே ஒரு திரையில் விரித்துக் காட்டும் வசதி ஒவ்வொரு டெஸ்க்டாப் ஷெல்லுக்கும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை எழுத நிரலாளர்களின் நேரம் நிறையச் செலவாகும், ஒவ்வொரு புதிய பகுதியும் தன் கணக்கைச் சொல்லும்படி தொடர்ந்து கவனிக்க வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. அந்தச் செலவுக்குத் தகுதியான வேலை அது.

அதுவரை பயனர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் டெஸ்க்டாப் ப்ராசஸ் வீங்கி நிற்கும்போது, லாக்-அவுட் செய்வதற்கு முன் அதன் ஸ்மாப்ஸ்-ரோலப் கோப்பை ஒரு நகல் எடுத்து வையுங்கள். லாகின் செய்தவுடன் இன்னொரு நகல் எடுங்கள். எந்தெந்த எக்ஸ்டென்ஷன்கள் ஓடின, எந்தச் செயலைத் திரும்பச் செய்தால் எண் ஏறுகிறது, எக்ஸ்11-ஆ வேலேண்டா, எந்தப் பதிப்பு என்பதை எழுதுங்கள். இவற்றோடு பக் ரிப்போர்ட்டை அந்தத் திட்டத்தின் பிழைப் பதிவகத்தில் பதியுங்கள். நிரலாளர்கள் தம் கணினியில் காண முடியாத கசிவு உங்கள் கணினியில்தான் இருக்கிறது.